லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் பேட்ச்சை மதிப்பாய்வு செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கர்னலில் உள்ள ஒரு நெட்வொர்க் டிரைவருக்கு வந்திருக்கும் மாற்றத்தை (பேட்ச்சை) படித்துக் கருத்துச் சொல்ல வேண்டியவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. சி மொழியும் கர்னல் நிரலின் பொதுவான அமைப்பும் படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று கொள்கிறோம். கீழே உள்ள பதில்களில் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் திரும்ப வரும்: இந்தக் கணத்தில் இந்த நினைவகம் யார் கையில் இருக்கிறது? கர்னலின் நெட்வொர்க் அடுக்கின் கையிலா, டிரைவரின் கையிலா, சாதனத்தின் கையிலா? நெட்வொர்க் டிரைவர்களில் கண்டுபிடிக்கக் கடினமான பிழைகள் பலவற்றின் வேர், ஒரே பஃபரை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியை) இருவர் ஒரே நேரத்தில் தமதென்று கொண்டாடுவதில் இருக்கும். அல்லது ஒருவருமே பொறுப்பேற்காமல் கைவிடுவதில் இருக்கும்.

மதிப்பாய்வை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கமிட் குறிப்பிலிருந்து, அதாவது மாற்றத்தோடு ஆசிரியர் எழுதியிருக்கும் விளக்கத்திலிருந்து. கூட்டல், கழித்தல் வரிகளை முதலில் படித்துவிட்டால், ஆசிரியர் என்ன செய்தார் என்பதே மனத்தில் பதிந்துவிடும். என்ன செய்திருக்க வேண்டும் என்று தனியாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்புப் போய்விடும். பிழைத்திருத்தம் என்றால், பயனாளர் கண்ட அறிகுறி என்ன, அது எந்தச் சூழலில் தோன்றுகிறது, மூல காரணம் என்ன, இந்த மாற்றம் அந்தக் காரணத்தை எப்படி நீக்குகிறது ஆகியவை குறிப்பில் இருக்க வேண்டும். "சில நேரங்களில் இணைப்பு நின்றுவிடுகிறது, இந்த வரியைச் சேர்த்தால் நிற்பதில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், நிரலைப் படிப்பதற்கு முன்பே காரணத்தைக் கேட்டுவிடலாம். காரணம் தெரியாமல் சேர்க்கப்படும் ஒரு தாமதமோ கூடுதல் லாக்கோ பெரும்பாலும் ரேஸை (ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து எழும் பிழையை) அரிதாக்குமே தவிர நீக்காது. அரிதாகிவிட்ட ரேஸ், அடிக்கடி வந்த ரேஸைவிடத் தொல்லை மிகுந்தது.

எந்த ட்ரீக்கு உரிய மாற்றம் இது என்பதை மதிப்பாய்வாளர் பார்க்க வேண்டுமா?

ஆம், அது நிமிட வேலைதான். நெட்வொர்க் பகுதியில் இரண்டு ட்ரீக்கள் (மாற்றங்கள் சேரும் நிரல் களஞ்சியங்கள்) உள்ளன. முதன்மைக் கர்னலில் ஏற்கெனவே இருக்கும் நிரலின் பிழைகளுக்கான திருத்தம் "நெட்" ட்ரீக்கும், புதிய வசதிகளும் மற்ற மேம்பாடுகளும் "நெட்-நெக்ஸ்ட்" ட்ரீக்கும் போகின்றன; எது என்பது பேட்ச்சின் தலைப்பிலேயே குறிக்கப்பட வேண்டும். புதிய மாற்றங்கள் முதன்மைக் கர்னலில் சேர்க்கப்படும், இரண்டு வாரம் நீடிக்கும் மெர்ஜ் விண்டோவின்போது நெட்-நெக்ஸ்ட் புதிய மாற்றங்களை ஏற்பதில்லை. நெட் ட்ரீக்கான திருத்தத்தில், பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டைச் சுட்டும் "ஃபிக்சஸ்" வரி இருக்க வேண்டும்; அதில் அந்தக் கமிட்டின் ஹாஷில் (அடையாளக் குறியீட்டில்) முதல் 12 எழுத்துகளும் தலைப்பும் இடம்பெறும்.

இந்த வரியைச் சடங்காக எண்ண வேண்டாம். பழைய கர்னல் பதிப்புகளுக்குத் திருத்தத்தைக் கொண்டுசெல்பவர்கள் அதை நம்பித்தான் செயல்படுகிறார்கள். ஆகவே சுட்டப்பட்ட கமிட்டைத் திறந்து, பிழை உண்மையிலேயே அங்கேதான் தொடங்கியதா, அல்லது அந்தக் கமிட் வெறுமனே நிரலை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியதா என்று பார்ப்பது பயன் தரும். திருத்தத்தோடு பெயர் மாற்றமும் வடிவ ஒழுங்கும் கலந்து வந்தால், அவற்றைப் பிரித்து நெட்-நெக்ஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லலாம்.

அந்த வன்பொருள் என்னிடம் இல்லை. ரெஜிஸ்டர் விவரங்களும் வெளியாகவில்லை. நான் என்ன சொல்லிவிட முடியும்?

நிறையச் சொல்லலாம். ஒரு டிரைவரில் சாதனத்துக்கே உரிய பகுதி நாம் நினைப்பதைவிடச் சிறியது. மீதியெல்லாம் கர்னலுடன் செய்துகொண்ட ஒப்பந்தம்: எந்தச் செயற்கூறு எந்த லாக்கின்கீழ் அழைக்கப்படுகிறது, எங்கே உறங்கலாம் (காத்திருக்கும்போது சிபியுவை விட்டுக்கொடுக்கலாம்), பஃபரை எப்போது விடுவிக்கலாம், எந்த மதிப்பைத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒப்பந்தம் எல்லா டிரைவர்களுக்கும் பொது. ரெஜிஸ்டரின் 7ஆம் பிட் என்ன செய்கிறது என்பதை ஆசிரியரின் சொல்லை நம்பி விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பிட்டை எழுதும் இடத்தில் இன்டரப்ட் (சாதனம் சிபியுவுக்கு அனுப்பும் குறுக்கீட்டுச் சமிக்ஞை) வந்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்கச் சாதனம் கையில் இருக்கத் தேவையில்லை.

வன்பொருளின் குறைபாட்டுக்காக மாற்றுவழி செய்யும் பேட்ச்சாக இருந்தால், எந்தச் சிப்பின் எந்தத் திருத்தப் பதிப்புகளுக்கு அது பொருந்தும் என்று நிரலிலேயே ஒரு குறிப்பு எழுதும்படி கேளுங்கள். பின்னால் வருபவர் அதை நீக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்க வேறு ஆதாரம் அவருக்கு இருக்காது.

பேட்ச்சில் தெரியும் வரிகளைத் தாண்டி எவ்வளவு படிக்க வேண்டும்?

மாறியிருக்கும் ஒவ்வொரு செயற்கூற்றையும் முழுமையாகவும், அதை அழைப்பவர்களைக் குறைந்தது ஒரு படி மேலேயும் படிக்க வேண்டும். பேட்ச் காட்டும் மூன்று சூழல் வரிகளில் லாக் தெரியாது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது செயல்படும் சூழல். இடைமுகத்தைத் திறக்கும், மூடும் செயற்கூறுகள் ஆர்டிஎன்எல் (நெட்வொர்க் அமைப்பு மாற்றங்களுக்கான கர்னலின் பொது) லாக்கின்கீழ் அழைக்கப்படுகின்றன, அங்கே உறங்கலாம். (புதிய கர்னல்களில் சில டிரைவர்களுக்குச் சாதனத்துக்கென்றே உள்ள தனி லாக் ஒன்றும் இதனுடன் சேர்கிறது.) பாக்கெட்டை அனுப்பும் செயற்கூற்றில் உறங்கவே கூடாது. மல்டிகாஸ்ட் பட்டியலையும் பெறுதல் முறையையும் மாற்றும் செயற்கூறு உறங்காமல் சுழன்று காத்திருக்கும் ஸ்பின்லாக்கின்கீழ் அழைக்கப்படுவதால் அங்கேயும் அப்படித்தான். யுஎஸ்பி அல்லது எஸ்பிஐ வழியாக இணையும் சாதனங்களில் ஒரு ரெஜிஸ்டரை எழுதுவதற்கே உறங்க வேண்டியிருப்பதால், அந்த வேலையை பின்னர் உறங்கக்கூடிய சூழலில் ஓடும் ஒர்க்யூவுக்கு (பணி வரிசைக்கு) தள்ளிவிட வேண்டும். 64 பிட் புள்ளிவிவரங்களைத் தரும் செயற்கூறும் ஆர்சியுவின்கீழ் (லாக் இன்றிப் படிக்கும் முறை, அங்கேயும் உறங்கக் கூடாது) அழைக்கப்படக்கூடியது என்பது பலருக்கு மறந்துபோகிறது. அங்கே மியூட்டெக்ஸ் (காத்திருக்கையில் உறங்கும் லாக்) எடுக்கும் பேட்ச்சைக் கண்டால், எண்ணிக்கைகளை அவ்வப்போது வேறிடத்தில் சேகரித்துவைத்து இங்கே எடுத்துக்கொடுக்க மட்டும் செய்யும்படி சொல்லலாம்.

சூழல் தெரிந்தபின் அடுத்த கேள்வி, அதே நேரத்தில் இன்னொரு சிபியுவில் என்ன ஓடிக்கொண்டிருக்கலாம் என்பது. அனுப்பும் செயற்கூறு, அனுப்பி முடிந்ததைக் கவனிக்கும் நாப்பிச் செயற்கூறு (இன்டரப்டுக்குப் பின் பாக்கெட்டுகளைத் தொகுதியாகக் கையாளுவது), இன்டரப்ட் கையாளி, ரீசெட் செய்யும் ஒர்க், ஈத்டூல் (சாதன அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கருவி) கட்டளை: இவற்றில் எந்த இரண்டு ஒன்றாக ஓட முடியும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு படிப்பது நல்ல பழக்கம்.

அனுப்பும் பாதையில் உள்ள ஒரு சிறு மாற்றத்தை எப்படிப் படிப்பது?

ஒரு கற்பனைப் பேட்ச்சை எடுத்துக்கொள்வோம். அனுப்பும் செயற்கூற்றின் முடிவில், டோர்பெல் ரெஜிஸ்டரை (புதிய பாக்கெட் காத்திருக்கிறது என்று சாதனத்துக்குச் சொல்வது) எழுதி முடித்த பிறகு, அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கையில் எஸ்கேபியின் (கர்னல் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் கட்டமைப்பின்) நீளத்தைக் கூட்டும் ஒரே வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. பார்வைக்குக் குற்றமற்ற வரி. ஆனால் டோர்பெல்லை எழுதிய கணத்திலிருந்து பாக்கெட் சாதனத்தின் கையில் இருக்கிறது; சாதனம் அதை அனுப்பி முடித்து, இன்னொரு சிபியுவில் நாப்பிச் செயற்கூறு ஓடி, அந்த எஸ்கேபியை விடுவித்தும் முடித்திருக்கலாம். இப்போது படிக்கப்படும் நீளம் விடுவிக்கப்பட்ட நினைவகத்திலிருந்து வருகிறது. சோதனையில் இது எப்போதாவதுதான் வெளிப்படும், ஏனெனில் விடுவித்த நினைவகத்தில் பழைய மதிப்பு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நீளத்தை முன்கூட்டியே ஓர் உள்மாறியில் எடுத்துவைத்தால் பிரச்சினை தீர்ந்தது. கைமாறிய பஃபரைக் கைமாறிய பிறகு தொடுகிறோமா என்ற கேள்வியை அனுப்பும் பாதையில் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டும்.

திருப்பித் தரும் மதிப்பு அடுத்தது. "டிஎக்ஸ் ஓகே" என்று திருப்பினால் எஸ்கேபியின் பொறுப்பு டிரைவருடையது. அனுப்ப முடியாமல் கைவிட்டாலும் டிரைவர்தான் அதை விடுவித்துவிட்டு ஓகே என்று சொல்ல வேண்டும். "டிஎக்ஸ் பிஸி" என்று திருப்பினால் எஸ்கேபி நெட்வொர்க் அடுக்குக்கே திரும்புகிறது. அதை விடுவித்துவிட்டுப் பிஸி என்று சொன்னால் இருமுறை விடுவித்தல் நிகழும். ஒழுங்காக எழுதிய டிரைவர் பிஸி என்று சொல்ல வேண்டிய நிலையே வரக்கூடாது: ரிங்கில் (டிரைவரும் சாதனமும் பகிரும் வட்ட வரிசையில்) அடுத்த பாக்கெட்டுக்கு இடம் இருக்காது என்று தெரிந்தவுடனேயே வரிசையை நிறுத்திவிட வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு ஒரே டிஸ்கிரிப்டர் (பஃபரின் முகவரியையும் நீளத்தையும் சாதனத்துக்குச் சொல்லும் பதிவு) போதும் என்று கணக்கிட்டால் தவறாகிவிடும். துண்டுகளாக வரும் பாக்கெட்டுக்கு, துண்டுகளின் உச்ச வரம்பும் (இயல்பான அமைப்பில் 17) தலைப்பகுதிக்கான டிஸ்கிரிப்டரும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வரிசையை நிறுத்துவதில் ஒரு புகழ்பெற்ற ரேஸ் இருக்கிறது. முதல் சிபியு ரிங்கில் இடமில்லை என்று கண்டு வரிசையை நிறுத்தப் போகிறது. அதற்குள் இரண்டாவது சிபியுவில் நாப்பிச் செயற்கூறு ரிங் முழுவதையும் காலி செய்துவிட்டு, வரிசை நின்றிருக்கிறதா என்று பார்க்கிறது. இன்னும் நிற்காததால் எழுப்பாமல் போய்விடுகிறது. பிறகு முதல் சிபியு வரிசையை நிறுத்துகிறது. இனி அதை எழுப்ப யாரும் வரப்போவதில்லை. சில நொடிகள் கழித்து, இயல்பாக 5 நொடி, அனுப்புதல் காலாவதியானதாகக் கர்னலின் காவல் டைமர் எச்சரிக்கும். டிரைவர் சாதனத்தை ரீசெட் செய்யும். எல்லோரும் வன்பொருளைக் குறை சொல்வார்கள். நிறுத்தியபின் நினைவகத் தடுப்பு (நினைவகச் செயல்களின் வரிசை மாறாமல் காப்பது) ஒன்றை இட்டு, இடத்தை மீண்டும் சரிபார்த்து, இடமிருந்தால் தானே வரிசையைத் தொடங்குவதுதான் தீர்வு. இதற்கான பொது மேக்ரோக்கள் 2023 முதல் கர்னலில் இருக்கின்றன. புதிய டிரைவர் இதைத் தானே எழுத முயன்றால் அவற்றைப் பயன்படுத்தச் சொல்வது நியாயம்.

குறுகிய பாக்கெட்டுகளை நிரப்பும் வரியும் கவனத்துக்குரியது. ஈதர்நெட் சட்டகத்தின் குறைந்தபட்ச நீளம், சரிபார்ப்புக் குறியீட்டை விட்டுவிட்டால், 60 பைட். சாதனம் தானே நிரப்பாவிட்டால் டிரைவர் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும். வெறுமனே நீளத்தை 60 என்று சொல்லிவிட்டால் கர்னல் நினைவகத்தின் துண்டுகள் கம்பியில் வெளியேறும். 2003இல் ஈதர்லீக் என்ற பெயரில் வெளிவந்த பாதுகாப்புக் குறைபாடு இதுதான். நிரப்பும் பொதுச் செயற்கூறு தோல்வியுற்றால் எஸ்கேபியைத் தானே விடுவித்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் தோல்விப் பாதையில் மீண்டும் விடுவிக்கும் நிரலைக் கண்டால் அது பிழை.

நினைவகத் தடுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிஸ்கிரிப்டரின் முகவரி, நீளம் முதலிய புலங்களை எழுதிய பிறகே "இது இனி சாதனத்துக்குச் சொந்தம்" என்று சொல்லும் பிட்டை எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே டிஎம்ஏவுக்கான (சாதனம் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறைக்கான) எழுதுதல் தடுப்பு தேவை. திரும்பி வரும் வழியில், அந்தப் பிட்டைப் படித்த பிறகு மற்ற புலங்களைப் படிக்கும் முன் படித்தல் தடுப்பு தேவை. எக்ஸ்86 இயந்திரங்களில் இவை கம்பைலரை மட்டும் கட்டுப்படுத்துகின்றன, ஆர்ம்64இல் உண்மையான கட்டளையாகின்றன. ஆகையால் எக்ஸ்86இல் மாதக்கணக்கில் சோதித்தோம் என்பது இந்த இடத்தில் விடையாகாது.

டோர்பெல்லை எழுதும் வழக்கமான ரைட்எல் செயற்கூறு, தனக்கு முன்னே ஒத்திசைவான டிஎம்ஏ நினைவகத்தில் எழுதியவை சாதனத்துக்குத் தெரிவதை உறுதி செய்கிறது. வேகத்துக்காக அதைத் தளர்த்தப்பட்ட வடிவத்துக்கு மாற்றும் பேட்ச் வந்தால், தடுப்பு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். எந்தத் தடுப்பானாலும், அது எதை எதிலிருந்து பிரிக்கிறது, அதன் இணை எங்கே இருக்கிறது என்று மேலே ஒரு குறிப்பு இல்லாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிஎம்ஏ மேப்பிங்கில் எதைத் தேட வேண்டும்?

மேப்பிங் (பஃபருக்குச் சாதனம் பயன்படுத்தும் முகவரியைப் பெறுதல்) தோல்வியுறலாம் என்பதைப் பல டிரைவர்கள் மறந்துவிடுகின்றன. ஐஓஎம்எம்யு (சாதனங்களின் நினைவக முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) இருக்கும் இயந்திரத்திலோ, இடைப் பஃபர்கள் தீர்ந்துபோன இயந்திரத்திலோ அது தோல்வியுறும். திரும்பி வந்த முகவரி பூஜ்யமா என்று ஒப்பிட்டுப் பயனில்லை. அதற்கென உள்ள பிழைச் சோதனைச் செயற்கூற்றையே அழைக்க வேண்டும். ஐந்தாம் துண்டில் தோல்வியுற்றால் முந்தைய நான்கும் தலைப்பகுதியும் விடுவிக்கப்படுகின்றனவா, அவையும் சரியான வகையில் விடுவிக்கப்படுகின்றனவா என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒற்றைப் பஃபராக மேப் செய்ததை அப்படியேயும், பக்கமாக மேப் செய்ததைப் பக்கமாகவும், அதே நீளத்துடனும் அதே திசையுடனும் விடுவிக்க வேண்டும். ஸ்டாக்கில் உள்ள மாறியின் முகவரியை டிஎம்ஏவுக்குக் கொடுக்கும் நிரல் எங்கிருந்தாலும் தவறு.

நாப்பிச் செயற்கூற்றில் நிகழும் வழக்கமான தவறுகள் யாவை?

பட்ஜெட்டைப் பற்றியவையே அதிகம். இந்தச் செயற்கூற்றுக்கு ஒரு பட்ஜெட் தரப்படுகிறது, இயல்பாக 64. அதைவிடக் குறைவான பாக்கெட்டுகளைப் பெற்று வேலை முடிந்தால், முடிந்ததாக அறிவித்து, இன்டரப்டை மீண்டும் திறந்து, செய்த எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். பட்ஜெட் முழுவதும் தீர்ந்திருந்தால், முடிந்ததாக அறிவிக்காமல் பட்ஜெட்டையே திருப்பித் தர வேண்டும். முடிந்ததாக அறிவித்துவிட்டுப் பட்ஜெட்டையும் திருப்பினால், நாப்பி யாருடையது என்பதில் கர்னலும் டிரைவரும் முரண்படுவார்கள். அறிவிக்கும் செயற்கூறு பொய் என்று திருப்பினால் இன்டரப்டைத் திறக்கக் கூடாது.

பட்ஜெட் பூஜ்யமாகவும் வரலாம். நெட்போல் (இன்டரப்டை நம்பாமல் பாக்கெட் அனுப்பும் கர்னல் வசதி) போன்றவை அனுப்பி முடிந்ததை மட்டும் கவனிக்கச் சொல்லி இப்படி அழைக்கின்றன. அப்போது ஒரு பாக்கெட்டைக்கூடப் பெறக் கூடாது. "டூ-வைல்" சுழற்சியால் எழுதப்பட்ட பெறுதல் நிரல் இங்கே ஒரு பாக்கெட்டைப் பெற்றுவிடும். அனுப்பி முடிந்தவற்றைப் பட்ஜெட்டில் சேர்த்து எண்ணுவதும் தவறான பழக்கமே.

பெறும் பாதையில் சாதனத்தை எவ்வளவு நம்பலாம்?

சாதனம் சொல்லும் நீளத்தை நம்பாமல், பஃபரின் அளவோடு ஒப்பிட்டுவிட்டே எஸ்கேபியில் சேர்க்க வேண்டும். யுஎஸ்பி சாதனம் என்றால் இதில் தளர்வே கூடாது, ஏனெனில் யாரும் தயாரித்து யாரும் செருகக்கூடிய பொருள் அது. ஒரு யுஎஸ்பி பொதியில் பல பாக்கெட்டுகளை அடுக்கி அனுப்பும் வடிவங்களில், நீளத்தோடு இடப்பெயர்ச்சியைக் கூட்டும்போது எண் வரம்பு மீறிச் சிறியதாகிவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நினைவகம் கிடைக்காத நிலை இன்னொன்று. பெற்ற பாக்கெட்டை மேலே அனுப்பிவிட்டுப் புதிய பஃபர் கேட்டு, கிடைக்கவில்லை என்றால், ரிங் மெல்லக் காலியாகிறது. முழுவதும் காலியான ரிங்கில் பாக்கெட் வராது, பாக்கெட் வராததால் இன்டரப்டும் வராது, இன்டரப்ட் வராததால் நிரப்பும் நிரலும் ஓடாது. இடைமுகம் எழுந்து நிற்கும், ஆனால் செத்திருக்கும். புதிய பஃபர் கிடைத்த பிறகே பழையதை விட்டுக்கொடுப்பது, இல்லாவிட்டால் அந்தப் பாக்கெட்டைக் கைவிட்டுப் பழைய பஃபரையே ரிங்கில் வைப்பது என்பது பழைய, நல்ல வழி.

சாதனத்தைத் தொடங்கும், நீக்கும் பாதைகளில் எதைப் பார்ப்பது?

இங்கே வரிசைமுறைதான் எல்லாம். நெட்வொர்க் சாதனத்தைக் கர்னலில் பதிவு செய்தவுடன், அந்தச் செயற்கூறு திரும்பி வருவதற்குள்ளேயே, பயனர் பகுதியில் உள்ள ஏதோ ஒரு நிரல் இடைமுகத்தைத் திறந்து பாக்கெட் அனுப்பத் தொடங்கலாம். ஆகவே பதிவுக்குப் பிறகு நிகழும் எந்த ஆரம்ப அமைப்பும் (ஒரு லாக்கைத் தயார் செய்வது, ஒர்க்கை அமைப்பது, முகவரியை இடுவது) சந்தேகத்துக்குரியது. பதிவு கடைசியாக இருக்க வேண்டும். நீக்கும் பாதையில் பதிவு நீக்கம் முதலாவதாக இருக்க வேண்டும். இன்டரப்டைக் கேட்டுப் பெறும் செயற்கூற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அது திரும்புமுன்பே இன்டரப்ட் வரலாம். பகிரப்பட்ட இன்டரப்டுகளுக்கு, பதிவு நீக்கும்போது கையாளியை ஒருமுறை வேண்டுமென்றே அழைத்துப் பார்க்கும் பிழைதேடும் அமைப்பு கர்னலில் உண்டு; பதிவானவுடன் அழைக்கும் பகுதி இப்போது முடக்கப்பட்டுள்ளது.

பிழைப் பாதைகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். பெற்ற வரிசைக்கு நேர்மாறாக விடுவிக்கப்படுகிறதா, புதிதாகச் சேர்ந்த படிக்குரிய லேபிள் சரியான இடத்தில் செருகப்பட்டிருக்கிறதா, அதற்குப் பின்னே உள்ள எல்லா தாவல்களும் புதிய லேபிளுக்கு மாற்றப்பட்டனவா, திருப்பும் பிழை எண் உண்மையில் இடப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு அடிக்கடி "இல்லை" என்பதே விடை: முந்தைய வெற்றியின் பூஜ்யமே திரும்பிவிடுகிறது, தொடக்கம் தோற்றும் வென்றதாகக் கர்னல் நம்புகிறது.

தானாக விடுவிக்கும் டெவ்எம் வகைச் செயற்கூறுகளும் கையால் விடுவிப்பவையும் ஒரே டிரைவரில் கலக்கும்போது வரிசை கெடும். டெவ்எம் வழியாகப் பெற்றவை நீக்கும் செயற்கூறு முழுவதும் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். நீக்கும் செயற்கூற்றில் நினைவகத்தைக் கையால் விடுவித்துவிட்டு, அதைத் தொடும் இன்டரப்டை மட்டும் டெவ்எம்மிடம் விட்டிருந்தால், இடைவெளியில் வரும் இன்டரப்ட் இல்லாத நினைவகத்தைத் தொடும். நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர்கள் இத்தகைய தானியங்கு வசதிகளை ஐயத்தோடு பார்ப்பதாக அப்பகுதியின் ஆவணமே சொல்கிறது. அந்த ஐயம் அனுபவத்திலிருந்து வந்தது என்பதே என் கருத்து.

இடைமுகத்தை மூடும்போது இயந்திரம் தொங்கிவிடுகிறது என்ற புகாருக்கான திருத்தம் வந்திருக்கிறது. எதைக் கேட்பது?

ரீசெட் செய்யும் ஒர்க் ஆர்டிஎன்எல் லாக்கை எடுக்கிறதா என்று பாருங்கள். மூடும் செயற்கூறு ஏற்கெனவே அந்த லாக்கை வைத்திருக்கிறது. அது ஒர்க் முடியும்வரை காத்திருக்கும் வகையில் ரத்து செய்தால், ஒர்க் லாக்குக்காகவும் மூடும் செயற்கூறு ஒர்க்குக்காகவும் முடிவின்றிக் காத்திருக்கும். காத்திருக்காத ரத்துக்கு மாற்றிவிடுவது எளிய திருத்தமாகத் தோன்றும், ஆனால் அப்போது மூடிய சாதனத்தின் மீது ஒர்க் ஓடும். ஒர்க்கை மூடும்போது ரத்து செய்யாமல், பதிவு நீக்கத்துக்குப் பிறகு லாக் இல்லாத இடத்தில் காத்திருந்து ரத்து செய்வதும், ஒர்க் லாக்கை எடுத்தவுடன் இடைமுகம் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் சேர்ந்தால் சரியாகும்.

நாப்பியை இருமுறை தொடர்ச்சியாக முடக்குவதும் இதே அறிகுறியைத் தரும். ரீசெட் பாதியில் தோற்று, நாப்பி முடங்கிய நிலையிலேயே விடப்பட்டு, பிறகு பயனாளர் இடைமுகத்தை மூடும்போது இது நிகழும்.

ரிங்கின் அளவு அல்லது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றத்தைச் சேர்க்கும் பேட்ச்சில்?

பழைய ரிங்கை விடுவித்துவிட்டுப் புதியதற்கு நினைவகம் கேட்கும் அமைப்பை ஏற்காதீர்கள். நினைவகம் கிடைக்காவிட்டால், தொலைவில் இருந்து நிர்வகிக்கப்படும் இயந்திரம் ஒரு கட்டளையால் தொடர்பை முற்றாக இழக்கும். முதலில் புதியதைப் பெற வேண்டும், பிறகே பழையதை மாற்ற வேண்டும். தோற்றால் பழைய அமைப்பே தொடர வேண்டும். எம்டியுவின் உச்ச, நீச வரம்புகளைச் சாதனக் கட்டமைப்பில் இட்டுவிட்டால் கர்னலே சரிபார்த்துக்கொள்ளும். டிரைவருக்குள் மீண்டும் ஒப்பிட வேண்டியதில்லை.

புள்ளிவிவரங்களும் தனி அமைப்புகளும் சேர்க்கப்பட்டால் என்ன சொல்வது?

பொதுவான எண்ணிக்கைகள் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். பெற்ற பாக்கெட்டுகள், பிழைகள், கைவிடப்பட்டவை போன்றவற்றை ஈத்டூலின் தனிப் பட்டியலில் மீண்டும் காட்டுவதை ஏற்பதில்லை. அங்கே சாதனத்துக்கே உரியவை மட்டும் இடம்பெறலாம். 64 பிட் எண்ணிக்கையை 32 பிட் இயந்திரத்தில் இரு பாதியாகப் படிக்க நேரிடுவதால், அதற்கான ஒத்திசைவு வசதியைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாட்யூல் அளவுரு வழியாக அமைப்பை மாற்றும் வசதி புதிய பேட்ச்சில் வந்தால் ஈத்டூலோ, சாதன அமைப்புக்கான டெவ்லிங்கோ ஏன் போதவில்லை என்று கேட்கலாம். பெரும்பாலும் அவை போதும். பயனர் பகுதிக்கு ஒருமுறை தந்த இடைமுகத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இந்த ஓர் இடத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்கலாம்.

நிரல் நடையைப் பற்றி எவ்வளவு பேசலாம்?

கொஞ்சம். உள்மாறிகளின் அறிவிப்பை நீண்ட வரியிலிருந்து குறுகிய வரிக்கு இறங்குமுகமாக அடுக்குவது நெட்வொர்க் பகுதியின் வழக்கம். செக்பேட்ச், ஸ்பார்ஸ் ஆகிய நிரல் சரிபார்ப்புக் கருவிகள் சொல்லும் எச்சரிக்கைகளை ஆசிரியரே பார்த்திருக்க வேண்டும். ஸ்பார்ஸின் பைட் வரிசை எச்சரிக்கையை மட்டும் நடை என்று தள்ளாதீர்கள், அது பெரும்பாலும் உண்மையான பிழை. பெரிய வேலை எதனோடும் சேராமல், பழைய டிரைவரை அழகுபடுத்த மட்டும் வரும் பேட்ச்களை இப்பகுதி ஊக்குவிப்பதில்லை. ஆய்வில் ரேஸைக் கண்டுவிட்டு, அதே பதிலில் பத்து இடைவெளிப் பிழைகளையும் பட்டியலிட்டால், ஆசிரியர் பத்தைத் திருத்திவிட்டு ஒன்றை மறந்துவிடுவார்.

என்ன சோதனைகள் செய்தீர்கள் என்று கேட்கலாமா?

கேட்க வேண்டும், ஆனால் பேட்ச்சுக்கு ஏற்றபடி கேட்க வேண்டும். ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவி) ஓடியது என்பது, எல்லாம் நன்றாக இருக்கும்போது பாக்கெட் போகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. பாக்கெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடைமுகத்தைத் திரும்பத் திரும்ப மூடித் திறப்பது, ரிங் அளவை மாற்றுவது, மாட்யூலை நீக்கிச் சேர்ப்பது, கேபிளைப் பிடுங்குவது, உறங்கி எழச் செய்வது ஆகியவைதான் டிரைவரை உண்மையில் சோதிக்கின்றன. இவற்றை லாக்டெப் (லாக் பிழைகளைக் கண்டறிவது), கேசான் (நினைவகப் பிழைகளைக் கண்டறிவது), டிஎம்ஏ பிழைதேடல், அணுநிலையில் உறங்குவதைக் கண்டறியும் அமைப்பு ஆகியவை இயக்கப்பட்ட கர்னலில் செய்தார்களா என்று கேளுங்கள். பிழைப் பாதையைத் தொட்ட பேட்ச் என்றால், நினைவக ஒதுக்கீட்டைச் செயற்கையாகத் தோற்கடிக்கும் வசதி கர்னலிலேயே இருக்கிறது.

கருத்தை எப்படி எழுதினால் பயன் தரும்?

"இங்கே ரேஸ் இருக்கிறது" என்று எழுதாமல், இரண்டு சிபியுக்களின் படிகளை அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள். எழுத முடியவில்லை என்றால் அதைக் கேள்வியாகவே வையுங்கள்: "இந்த இடத்தில் ரீசெட் ஒர்க் ஓட முடியாது என்பதை எது உறுதி செய்கிறது?" ஆசிரியர் விடை சொன்னால், அந்த விடை கமிட் குறிப்பிலோ நிரல் குறிப்பிலோ ஏற வேண்டும், உங்களுக்கு வந்த ஐயம் அடுத்து படிப்பவருக்கும் வரும். எது கட்டாயம், எது விருப்பம் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

"ரிவ்யூடு-பை" என்று என் பெயரைத் தருவதன் பொருள் என்ன?

மாற்றத்தைத் தொழில்நுட்ப முறையில் ஆராய்ந்தீர்கள், கண்ட குறைகளை ஆசிரியரிடம் சொல்லித் தீர்வு கண்டீர்கள், கர்னலில் சேர்க்கத் தகுந்தது என்று கருதுகிறீர்கள் என்பது பொருள். எங்கும் பிழையே வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. தொடரில் சில பேட்ச்களை மட்டும் படித்திருந்தால் அவற்றுக்கு மட்டும் தாருங்கள். ஓட்டிப் பார்த்தது மட்டுமே என்றால் "டெஸ்டட்-பை" தருவது நேர்மை.

அடுத்த பதிப்பு வந்தால் முழுவதும் மீண்டும் படிக்க வேண்டுமா?

கிட் (git) கருவியின் ரேஞ்ச்-டிஃப் கொண்டு இரு பதிப்புகளையும் ஒப்பிட்டு, மாறிய பேட்ச்களை முழுமையாகவும் மாறாதவற்றை மேலோட்டமாகவும் பார்த்தால் போதும். மாற்றப் பட்டியலில் சொல்லாத ஒன்று மாறியிருந்தால் அதை முதலில் கேளுங்கள். தொடரில் உள்ள ஒவ்வொரு பேட்ச்சும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பிழையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுபவர் நடுவில் சிக்கிக்கொள்வார். பதிப்புகள் மாறும்போது வரிகள் ஒரு பேட்ச்சிலிருந்து அடுத்ததற்குத் தவறி நழுவுவதால் இது அடிக்கடி உடைகிறது. ஒரு தொடரில் 15 பேட்ச்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும் என்பதும் இப்பகுதியின் விதிகள். லாக் அமைப்போ பஃபர் கைமாறும் இடமோ மாறியிருந்தால், முந்தைய பதிப்புக்கு நீங்கள் தந்த ரிவ்யூடு-பை தானாகத் தொடராது. ஆசிரியர் அதை நீக்கி, நீக்கியதையும் மாற்றப் பட்டியலில் குறிப்பிட வேண்டும்.